வர்க்கமூலம் காண எந்த வழி: பகாக் காரணியா, நீள் வகுத்தலா?

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வர்க்கமூலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, பகாக் காரணிப்படுத்தல், நீள் வகுத்தல் ஆகிய இரண்டில் எதில் அவளுக்குக் கை பழக வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் நீள் வகுத்தலையே தேர்ந்தேன்.

பகாக் காரணி முறையின் எளிமையை மறுப்பதற்கில்லை. 1764ஐ 2×2×3×3×7×7 என்று பிரித்து, ஜோடிக்கு ஒன்றாக எடுத்துப் பெருக்கினால் 42 வந்துவிடும். ஏதேனும் ஒரு காரணி ஜோடியில்லாமல் நின்றால் அந்த எண் முழு வர்க்கம் அன்று. 2352இல் 3 மட்டும் தனித்து நிற்பதால், 3ஆல் பெருக்கினால் 84இன் வர்க்கமான 7056உம், வகுத்தால் 28இன் வர்க்கமான 784உம் கிடைக்கும். 'எந்த மிகச்சிறிய எண்ணால் பெருக்க வேண்டும்' என்ற தேர்வுக் கேள்விக்கு இதைவிட நேரான வழி கிடையாது.

ஆனால் 5329ஐக் கொடுத்துப் பாருங்கள். 2 முதல் 71 வரையுள்ள இருபது பகா எண்களில் ஒன்றுகூட அதை மீதியின்றி வகுக்காது; 73ஐத் தொட்ட பிறகுதான் வழி திறக்கும். எத்தனை இலக்கம் என்பதைவிட, உள்ளே என்ன காரணி ஒளிந்திருக்கிறது என்பதே இந்த முறையில் உழைப்பைத் தீர்மானிக்கிறது. நீள் வகுத்தலிலோ இலக்க ஜோடிக்கு ஒரு படிதான். வலப்பக்கத்திலிருந்து 53, 29 என்று பிரிக்கிறோம். 53க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 49. எனவே முதல் இலக்கம் 7, மீதி 4. அதனருகே 29ஐ இறக்கினால் 429. ஏழை இரட்டிப்பாக்கிய 14இன் பக்கத்தில் 3ஐ எழுதி, 143ஐ 3ஆல் பெருக்கினால் சரியாக 429, விடை 73.

பிள்ளைகள் தடுமாறுவது அந்த இரட்டிப்பில்தான், என் தேர்வைத் தீர்மானித்ததும் அதுவே. 73 அலகு பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து, அதன் ஒரு மூலையில் 70 பக்கமுள்ள சதுரத்தைக் குறித்து நீக்கினால், 70×3 அளவில் இரண்டு பட்டைகளும் 3×3 அளவில் ஒரு சிறு சதுரமும் எஞ்சும். 210, 210, 9 கூட்டினால் 429. பட்டைகள் இரண்டு என்பதால்தான் இரட்டிப்பு. இந்தப் படத்தைக் காட்டாமல் 'இரட்டிப்பாக்கு' என்று மட்டும் சொன்னால், இது வெறும் மனப்பாடச் சடங்காகிவிடும். கி.பி. 499 அளவில் தோன்றிய, ஆரியபட்டரின் கணித நூலான ஆரியபட்டீயத்திலும், இடங்களை இரண்டிரண்டாகப் பிரித்து, கிடைத்த மூலத்தின் இருமடங்கால் வகுக்கும் முறை உண்டு.

முழு வர்க்கமாக இல்லாத எண்ணில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். √2க்குக் காரணி முறையில் மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது. நீள் வகுத்தலில் சுழிகளை ஜோடி ஜோடியாக இறக்கிக்கொண்டே போனால் 1.4142 வரை பென்சிலாலேயே எட்டலாம்.

உத்தேச விடையையும், அதனால் எண்ணை வகுத்த ஈவையும் சராசரியாக்கும் வழியும் இருக்கிறது; √10க்கு 3இல் தொடங்கினால் இரண்டே சுற்றில் 3.1623க்கு வந்துவிடுகிறது. ஆயினும் பின்னங்கள் விரைவில் சிக்கலாவதால் எட்டாம் வகுப்புக்கு அது கடினம் என்றே தோன்றுகிறது. ஒரே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.