பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடர் வைத்திருப்பவர்கள் கவனம்: ரிப்பேர் என்ற பெயரில் 1,85,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெங்களூரில் தும்கூர் ரோட்டை ஒட்டிய ஒரு ஹைட்ராலிக் ஒர்க்‌ஷாப். பெயர் போடவில்லை, புகார் கொடுக்கும்வரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வாசலில் நாலைந்து மெஷின் புதுப் பெயின்டோடு நிற்கும், உள்ளே போனதும் டீ வரும். அந்த மாதிரி இடம்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பழைய பாப்கேட், மண் அள்ளுகிற சின்ன ஸ்கிட் ஸ்டியர் லோடர். பேஸ்மென்ட் தோண்டுகிற இடங்களில் நானே ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. கொஞ்ச நாளாகவே இரண்டு தொல்லை. லீவரை விட்டாலும் வண்டி மெல்ல ஊர்ந்தது. நேராக ஓட்டினால் வலது பக்கம் இழுத்தது. இந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இடது சக்கரங்களுக்கு ஒரு பம்ப், ஒரு மோட்டார். வலதுக்கு இன்னொரு பம்ப், இன்னொரு மோட்டார். ஒரு பக்கம் பலம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும்.

ஒர்க்‌ஷாப் ஓனர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். கேபினைத் தூக்கி டார்ச் அடித்தார். "அண்ணா, வலது பம்ப் போச்சு. அட்ஜஸ்ட்மென்ட்ல சரியாகாது, பிரிச்சுத்தான் ஆகணும்" என்றார். வேறு இடங்களில் எல்லாம் 'லீவரைத் திருகிட்டாப் போதும்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவர் உள்ளதைச் சொல்கிறாரே என்று தோன்றியது.

பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, பிரித்த பிஸ்டன்களை என் உள்ளங்கையில் வைத்தார். அடியில் பித்தளை ஷூ முழுக்கக் கோடு கோடாகக் கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. "இதை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாள் ஓட்டினதே பெரிசு அண்ணா" என்று தோளைத் தட்டினார். அந்த நிமிஷத்தில் நம்பிவிட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர் என்று வேறு சொன்னார். ஒரு லட்சம் ஜிபேயில் போட்டேன், வண்டி எடுக்கும்போது 85,000 கையில். பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று நோட்டுத் தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஆறு மாதம் கேரண்டி, அதுவும் வாய் வார்த்தை.

டெலிவரி அன்று வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. லீவரை விட்டால் அசையாமல் நின்றது. காலை நேரம், ஆயில் ஜில்லென்று இருந்தது. விஷயமே அதில்தான் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

சர்ஜாப்பூர் ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட் வேலை. ஆயில் சூடேறியதும், மண்ணோடு ரேம்ப் ஏறும்போது வலது பக்கம் அப்படியே செத்துவிட்டது. வண்டி தானாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் போனது. சுவரோரம் இரண்டு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கெட்டைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். இதற்கா 1,85,000?

போன் செய்தால் முதலில் "புது ஆயில், செட் ஆகணும் அண்ணா". அடுத்து "உங்க ஓட்டுதான் சரியில்ல". அப்புறம் ஒரு பையன்தான் போனை எடுத்தான், ஓனர் எப்போதும் வெளியூர். நேரில் போனால் "நாளைக்கு வாங்க". இந்த ஊரில் ஒரு காலத்தில் பேயை விரட்டக் கதவில் 'நாளே பா' (கன்னடத்தில் 'நாளைக்கு வா') என்று எழுதி வைத்தார்களாம், அதே மந்திரத்தில் என்னையும் விரட்டினார்கள். கடைசியில் கேட்டது, "கேரண்டி ஸ்பேருக்குத்தான், லேபருக்கு இல்ல."

ஓசூரிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வலது, இடது டிரைவ் ஹோஸ்களை மாற்றி மாட்டினார். மோட்டார் கெட்டிருந்தால் தொல்லை வலதிலேயே நின்றிருக்கும். அது இடதுக்குத் தாவியது. ஆக, பம்ப்தான். பணம் வாங்கிக்கொண்டு 'புதுசாக்கிய' அதே பம்ப்! அதன் போல்ட் தலையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். மஞ்சள் பெயின்ட் உரிந்தது, அடியில் காய்ந்து இறுகிய செம்மண். ஸ்பேனரே படாத போல்ட். என் கையில் வைத்த பிஸ்டன் யாருடைய வண்டியில் கழற்றியதோ.

அப்படியென்றால் எப்படி நேராக ஓடியது? நல்லா இருந்த இடது பக்கத்தில், லீவர் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தடுக்கிற ஸ்டாப்பர் போல்ட்டைத் திருகி, அதன் வேகத்தைக் குறைத்து, நோஞ்சான் வலதோடு சமம் பண்ணியிருக்கிறார்கள். லீவரை விட்டதும் பம்ப்பை நியூட்ரலில் நிறுத்துகிற லிங்கேஜை அட்ஜஸ்ட் பண்ணி ஊர்வதை நிறுத்தியிருக்கிறார்கள். 46 நம்பர் ஆயில் போட வேண்டிய டேங்கில் கெட்டியான 68. தேய்ந்த பம்ப்புக்குள் ஆயில் கசிவது குளிர்ந்திருக்கும்போது தெரியாது. சூடேறி இளகினால்தான் சாயம் வெளுக்கும். ஒரு ஸ்பேனர், ஒரு பெயின்ட் டப்பா, கொஞ்சம் ஆயில், அதற்கு 1,85,000.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் ஒன்று. சீட்டில் ஆள் இல்லாவிட்டால் வண்டியை லாக் பண்ணுகிற சீட் சுவிட்சின் வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஆள் எழுந்தாலும் லாக் விழாது. அந்த வண்டியில்தான் நான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக ஒர்க்‌ஷாப் ஓனரைப் பிடித்து இதைச் சொன்னபோது சிரித்தார். "கமர்ஷியல் வண்டி அண்ணா, கன்ஸ்யூமர் கோர்ட்ல எடுக்க மாட்டாங்க." பாதிதான் உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபார உபயோகத்துக்கு விலக்கு உண்டுதான், ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரை அது நுகர்வோராகவே வைத்திருக்கிறது. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் போட்டாயிற்று.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: ஆயில் நன்றாகச் சூடேறியபின் லோடோடு மேடு ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பம்ப்பைக் கழற்றும்போது கூட நின்று உங்கள் போனில் வீடியோ எடுங்கள். கழற்றிய ஸ்பேரை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தாளில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள், 18 சதவீதம் போனாலும் பில். சீட்டிலிருந்து எழுந்து லாக் விழுகிறதா என்று பாருங்கள், ஆனால் பக்கெட் தரையில் இருக்கும்போது மட்டும்.

ஓசூர் மெக்கானிக் ரிப்போர்ட்டை எழுத்தில் தரத் தயங்குகிறார், அதே லைனில் பிழைப்பவர். இந்த மாதிரி சக்கரத்தை ஓட்டுகிற ஹைட்ரோஸ்டேட்டிக் பம்ப்பைச் சோதித்து லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுத் தருகிற ஆள் பெங்களூரிலோ ஓசூரிலோ தெரிந்தால் சொல்லுங்கள், புகாரோடு வைக்க வேண்டும்.