கடல் சேராத ஆறுகள்: வில்பரோடு 3 வருடம்

எழுதிக்கொண்டிருக்கும் கதைக்கு ஒரு கண்டம் தேவைப்பட்டது. கணினியில் பெர்லின் நாய்ஸ் (தற்செயலான மேடுபள்ளங்களை உண்டாக்கும் கணித முறை) கொண்டு மலைகளை உருவாக்கினேன்; பார்க்க அசலாகவே இருந்தது. ஆறு வரைய உட்கார்ந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. மலையிலிருந்து இறங்கிய ஓடைகளெல்லாம் கொஞ்ச தூரத்திலேயே ஏதாவது ஒரு குழியில் விழுந்து நின்றுவிட்டன. நிஜ நிலத்தில் தண்ணீர் லட்சக்கணக்கான வருடம் ஓடி வழியை வெட்டிக்கொள்கிறது. நாய்ஸுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அப்படித்தான் வில்பருக்கு வந்தேன். நிலத்தின் மேடுபள்ளங்களை உருவாக்கித் திருத்த உதவும், விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள். முகப்பு பழைய பாணி, பழகினால் சரியாகிவிடும். நான் அடிக்கடி தொடுவது இரண்டே கட்டளைகள். ஃபில் பேசின்ஸ், குழிகளை வழியும் மட்டம் வரை நிரப்பும். இன்சைஸ் ஃப்ளோ, ஓர் இடத்துக்கு மேலிருந்து எவ்வளவு நீர் வருகிறதோ அதற்கேற்ப வெட்டும்.

முதல் வருடம் முழுக்க ஒரே தப்பைச் செய்தேன்: ஒரே அடியில் நிரப்பி, ஒரே அடியில் ஆழமாக வெட்டுவது. நிரப்பிய இடம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். அங்கே சரிவே இல்லை. மென்பொருளுக்கு நிலம் என்பது உயர எண்கள் எழுதிய சதுரக் கட்டங்கள்தான்; நீர் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் ஒன்றைப் பிடித்து நேராக ஓடும். சமவெளி முழுக்க ஸ்கேல் வைத்துக் கிழித்த 45 டிகிரி ஆறுகள்! இப்போது நிரப்பியதும் ஒரு சிட்டிகை நாய்ஸ் தூவி, மறுபடி நிரப்பி, லேசாக வெட்டுகிறேன். இப்படி நாலைந்து சுற்று போனால் ஆறு நெளிய ஆரம்பிக்கும்.

எல்லாக் குழியும் பிழையல்ல என்பது தாமதமாகத்தான் உறைத்தது. காஸ்பியன் கடலுக்கு வெளியே வழி கிடையாது. வோல்கா ஆறு அங்கே போய்ச் சேர்வதோடு சரி. நான் யோசிக்காமல் நிரப்பியதில் என் பாலைவனத்து உப்பேரி காணாமல் போனது. கதையின் உப்பள ஊரே அதன் கரையில்தான். இப்போது நிரப்பும் வேலையை மட்டும் சொந்த பைத்தான் ஸ்கிரிப்டில் பார்த்துக்கொள்கிறேன். அதில் உள்ள பிரையாரிட்டி ஃப்ளட் என்ற குழி நிரப்பும் முறை கடலோரத்தில் தொடங்கி, தாழ்ந்த கட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறும். தொடக்கப் பட்டியலில் ஏரியின் அடிப்புள்ளியையும் சேர்த்துவிட்டால், அதையும் ஒரு கடலாகவே எண்ணிக்கொள்ளும். கூடுதலாக ஒரு வரி, அவ்வளவுதான்.

அப்புறம், பக்கத்துக்கு 1024 கட்டங்கள் உள்ள வரைபடத்தில் சரியாக வந்த மதிப்புகளை 4096 கட்டங்கள் உள்ளதற்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள், பள்ளத்தாக்கெல்லாம் மயிரிழையாகிவிடும். ஒரு கட்டத்து நீர் ஒரே பக்கம்தான் போகும் என்பதால் கழிமுகத்தில் ஆறு பிரிவதும் இல்லை. அந்தக் கிளைகளை இன்னும் கையால்தான் வரைகிறேன்.