வாலில்லாமல் பறக்க: நார்த்ராப் வழியா, ஹார்ட்டன் வழியா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவு முடியும் இடத்தில் ஒரு பாறை உண்டு. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்குக் காற்று சூடாகி, சரிவைப் பிடித்து மேலே வரும். அங்கிருந்துதான் நானும் அக்கா மகனும் தெர்மாகோல் கிளைடர் விடுவோம். போன மாதம் வாலே இல்லாமல், வெறும் இறக்கையாக ஒன்று செய்து எடுத்துப் போனேன். "மாமா, வால் இல்லாம இது எப்படி நேராப் போகும்?" என்று கேட்டான். வீசினேன். மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, குட்டிக்கரணம் போட்டுத் தேயிலைக்குள் விழுந்தது. முன்விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒட்டி மறுபடி வீசியதும் பறந்தது. ஆனால் திரும்பும்போதெல்லாம் தடுமாறியது.

அவன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வால் செய்யும் இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும். படுக்கை வால் மூக்கு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. இந்த வேலையைப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனிகளே செய்துவிடும். எடை மையம் மட்டும் இம்மி பிசகக் கூடாது. செங்குத்து வாலின் வேலைதான் கடினம். இடப்பக்கம் திரும்ப வலது இறக்கையை உயர்த்தினால், அந்த இறக்கையில் தூக்கு விசையோடு காற்றின் இழுவையும் கூடும். மூக்கு வலப்பக்கமே போகப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு வால் வேண்டும், அல்லது வேறு வழி வேண்டும். அந்த வேறு வழியில்தான் அமெரிக்க விமான வடிவமைப்பாளர் ஜாக் நார்த்ராப்பும் ஜெர்மனியின் ஹார்ட்டன் சகோதரர்களும் பிரிகிறார்கள்.

நார்த்ராப்பின் விடை, இழுவையையே கருவியாக்குவது. இறக்கை நுனியில் மடல் இரண்டாகப் பிளந்து விரியும். விரிந்த பக்கம் பின்வாங்க, மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். 1946 ஜூனில் அவருடைய எக்ஸ்பி-35 என்ற குண்டுவீச்சு விமானம் பறந்தது. இறக்கை 172 அடி. அதையே ஜெட்டாக மாற்றிய ஒய்பி-49 அடுத்த ஆண்டு பறந்தது. புரொப்பல்லர்கள் போனதும், அவை தந்த நிலைப்பும் போனது. நான்கு சிறு செங்குத்துத் துடுப்புகள் சேர்த்தும் மூக்கின் பக்கவாட்டு ஆட்டம் தீரவில்லை. குண்டுவீச்சுக்குத் தேவையான அசையாத பறத்தல் கிடைக்கவில்லை. 1948 ஜூன் 5 அன்று ஒன்று நொறுங்கி ஐவர் இறந்தனர். அவர்களில் ஒருவரான கிளென் எட்வர்ட்ஸின் பெயரைத்தான் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இன்றும் தாங்கி நிற்கிறது. திட்டம் கைவிடப்பட்டு விமானங்கள் உடைக்கப்பட்டன.

ரெய்மார், வால்ட்டர் ஹார்ட்டனின் விடை இழுவையே எதிர்க்காதபடி இறக்கையை வடிவமைப்பது. அவர்களுடைய முதல் கிளைடர் 1933-இல் பறந்தது. அதே ஆண்டு ஜெர்மன் காற்றியக்க அறிஞர் லுட்விக் பிராண்ட்டில் ஒரு கணக்கைக் காட்டினார்: தூக்கு விசை நடுவில் குவிந்து, நுனியை நோக்கி மணி வடிவில் மெலிந்து போனால், அதே வலுவுள்ள இறக்கையை 22 சதவீதம் நீளமாக்கலாம், தூக்குவதால் வரும் இழுவை 11 சதவீதம் குறையும். ரெய்மாரும் மணி வடிவத்தையே பிடித்துக்கொண்டார். நுனியைக் கீழ்நோக்கி முறுக்கிவிட்டால் அங்கே காற்று மேல்நோக்கி ஏறும். நுனியின் விசை சற்றே முன்பக்கம் சாயும். அப்போது வலது இறக்கையை உயர்த்தினால் மூக்கு இடப்பக்கம், அதாவது திரும்ப வேண்டிய பக்கமே போகும். எங்கள் சரிவில் வட்டமிடும் கருங்கழுகுக்குச் செங்குத்து வால் கிடையாது. அது எப்படித் திரும்புகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை.

ஆனால் ஜெட் என்று வந்தபோது ஹார்ட்டன்களும் நுனியில் இழுவை மடல் வைத்தார்கள். ஹோ-229 என்ற அந்த ஜெட், 1945 பிப்ரவரியில் சில முறை பறந்து, எஞ்சின் பழுதாகி, விமானி எர்வின் சில்லரோடு விழுந்தது. ராடாரிலிருந்து மறையவே அதைக் கட்டினார்கள் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். ரெய்மார் அப்படிச் சொன்னது போர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு. நான் அதை நம்பவில்லை.

பெரிய விமானத்தில் நார்த்ராப் வழியே வென்றது. வெல்ல வைத்தது கணினி. மனிதக் கை அடக்க முடியாத ஆட்டத்தைக் கணினி நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. 1989 ஜூலை 17 அன்று பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-2-இன் இறக்கையும் அதே 172 அடி. 2022 ஜூலை 1 அன்று நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் பறக்கவிட்ட ஆளில்லாப் பறக்கும் இறக்கையும் கணினி தானே ஓட்டும் வகைதான். ராடாருக்குச் செங்குத்துப் பரப்பு தெரியக் கூடாது என்ற தேவை இருக்கும்வரை இந்த வழிக்கே பணமும் போகும்.

இருந்தாலும் என் மனம் ஹார்ட்டன் பக்கம். நாசா பிராண்ட்டில்-டி என்ற சிறு கிளைடர்களைக் கொண்டு மணி வடிவத்தைச் சோதித்து, செங்குத்து வால் இல்லாமலே அவை சரியாகத் திரும்புவதைக் காட்டியது. அந்தச் சோதனை நடந்தது எட்வர்ட்ஸ் தளத்தில். நார்த்ராப்பின் இறக்கையில் உயிர்விட்டவரின் பெயர் தாங்கிய மண்ணில் ஹார்ட்டனின் எண்ணம் பறந்தது என்பது என்னை உலுக்குகிறது.

தெர்மாகோலில் கணினி இல்லை, எடையைத் தாங்கவும் இடமில்லை. நார்த்ராப் வழியில் போனால் நுனியில் துடுப்பு ஒட்டிச் சமாளிக்கலாம். ஒரு மாலையில் செய்துவிடலாம். ஹார்ட்டன் வழிக்கு நடுவிலிருந்து நுனிவரை முறுக்கு சீராக ஏற வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அக்கா மகன் அட்டையில் அச்சு வெட்டத் தொடங்கியிருக்கிறான். முதல் இறக்கையில் இடப்பக்க முறுக்கு கொஞ்சம் கூடிவிட்டது. அதைப் பிரித்து மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.