மீடியம் டிப் வாங்குங்கள். நான் மறுபடியும் சாஃப்ட்தான் ஒட்டியிருக்கிறேன்

பூல் ஆடும் கோலான கியூவுக்கு டிப், அதாவது பந்தில் படும் நுனித் தோல், மாற்றிய சூட்டோடு இதை எழுதுகிறேன். பழையது அடுக்குத் தோல் டிப், சாஃப்ட் ரகம். நெடுநாள் உழைத்தது. கடைசியில் ஓரத்தில் ஓர் அடுக்கு வாய் பிளந்து, விரலால் தடவும்போதெல்லாம் நகத்தில் தட்டுப்பட ஆரம்பித்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சமயம் பார்த்துப் புது கியூ வாங்கிய நண்பர் ஒருவர், "நீங்க சாஃப்ட்தானே வெச்சிருக்கீங்க, நானும் அதையே போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அளவு, அடுக்கு விவரமெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். கூடவே இருந்து பார்த்தால் தெரிகிற சங்கதிகள் வேறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். மெதுவான ஷாட்டில் சாஃப்ட் டிப்புக்கு ஈடு கிடையாது. எதிரில் ஒரு சாண் தள்ளி ஒரு பந்து நிற்கிறது. அதைப் பாக்கெட்டில் விட்டுவிட்டு வெள்ளைப் பந்தை நாலு விரற்கடை மட்டும் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். கூடுதலாக இழுத்தால் அடுத்த பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இந்த மாதிரி இடத்தில் சாஃப்ட் டிப் கைக்குச் செய்தி சொல்லும். தோல் அமுங்குவது மணிக்கட்டு வரைக்கும் தெரியும். சத்தமும் வேறு. ஹார்டு டிப்பில் 'டிக்' என்று தெறிக்கும். இதில் அடங்கிய 'டொப்'. அந்தச் சத்தத்தை வைத்தே பந்தின் எந்த இடத்தில் பட்டது, சரியாகப் பட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பந்துகள் நெருக்கமாகக் கிடக்கும் ஆட்டத்தில் இந்த ஒரு குணத்துக்காகவே பல தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டேன்.

தொல்லை என்னவென்றால், சாஃப்ட் டிப் சாஃப்ட்டாகவே இருப்பதில்லை. இதுதான் என் தீராத வயிற்றெரிச்சல். ஒட்டிய புதிதில் தோல் இளக்கமாக இருக்கும். ஆட ஆட அடிபட்டு இறுகும். இறுக இறுக உயரம் குறையும், குறைந்த சதை பக்கவாட்டில் பிதுங்கும். டிப்புக்குக் கீழே இருக்கும் வளையமான ஃபெரூலின் விளிம்பைத் தாண்டி மயிரிழை அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். மஷ்ரூம் ஆகிவிட்டது என்போமே, அதுதான். பிதுங்கியதைச் சீவ வேண்டும். சீவின ஓரத்தை லேசாக ஈரம் தொட்டு, தோல் துண்டால் சூடு ஏறும்வரை அழுத்தித் தேய்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த பிதுக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும், நின்றுபோகாது. கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி) வைத்திருப்பவர்கள் ஓரத்தைச் சீவும்போது ஷாஃப்டைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அதில் விழுந்த கீறல் மரத்தில் விழுந்த கீறல் மாதிரி தேய்த்தால் போய்விடாது.

பிதுங்குவதையாவது கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறது. தோல் இளக்கமாக இருந்தால் அடியின் வேகத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். இறுகிய தோல் அவ்வளவு விழுங்காது. ஆக, கை அதே கைதான், வீச்சும் அதே வீச்சுதான், வெள்ளைப் பந்து மட்டும் முன்பைவிடக் கூடுதல் தூரம் ஓடும். இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஆட்டத்தை யார் தொடங்குவது என்று முடிவுசெய்ய அடிப்போமே, லேக், அதையே திரும்பத் திரும்ப அடித்துப் பாருங்கள். மேசையின் எதிர் விளிம்பில் உள்ள குஷனில் முட்டித் திரும்பி, நம் பக்கத்துக் குஷனை ஒட்டி நிற்க வேண்டிய பந்து. புது டிப்பில் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். கை அதற்குப் பழகி, பந்து குஷனை ஒட்டி நிற்க ஆரம்பிக்கும். சில வாரம் கழித்து அதே அடியில் பந்து குஷனில் இடித்துத் திரும்பி வரும். என் கை கெடவில்லை, டிப் இறுகிவிட்டது. இப்படி ஒரு சாமானை நம்பி எப்படிப் பயிற்சி செய்வது? பழகிய கையை மறுபடி பழக்குவதிலேயே பாதிப் பொழுது போகிறது. நல்ல நாளில் இது பெரிதாகத் தெரியாது. ஆட்டம் ஒரே ஒரு பந்தில் நிற்கும்போது வெள்ளைப் பந்து அரை சாண் கூடுதலாக ஓடினால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இறுகி முடித்த பிறகு சாஃப்ட் டிப்புக்கு ஒரு நடுவயது உண்டு. பிதுங்கல் குறைந்து, தூரம் ஒரே மாதிரி வந்து, அந்தப் பழைய 'டொப்' சத்தமும் மிச்சம் இருக்கும். அந்தக் காலத்தில் அதைப் போல ஒரு டிப் உலகத்திலேயே இல்லை. அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது நாம் எவ்வளவு ஆடுகிறோம், எவ்வளவு சுரண்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சுரண்டல் என்றதும், டிப் மேல் தேய்க்கும் சாக் கட்டி நினைவுக்கு வருகிறது. டிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாஃப்ட்டா ஹார்டா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். சாக் பிடிக்கிறதா என்பதைக் கேட்கவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். தோலும் வழுவழு, பந்தும் வழுவழு. இரண்டுக்கும் நடுவே பிடிப்பைக் கொடுப்பது சாக். பழைய காலத்தில் நிஜமான சுண்ணக்கட்டியைத் தேய்த்தார்கள். பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் சேர்ந்து 1897-ல் காப்புரிமை வாங்கிய கட்டியிலிருந்துதான் இன்றைய சாக் வருகிறது. அது சுண்ணமே இல்லை. சிலிக்கா மாதிரி சொரசொரப்பான பொடியைச் சேர்த்துக் கட்டியது. அந்தப் பொடி தங்குவதற்குத் தோலில் நுண்ணிய பள்ளம் வேண்டும். ஆட ஆடத் தோலின் மேல்பரப்பு நசுங்கிப் பளபளப்பு ஏறும். பளபளப்பு ஏறிய டிப்பில் சாக் போட்டால், மேலே நீலமாகத் தெரியும். ஒரு ஷாட் அடித்துப் பார்த்தால் நடுவில் வட்டமாக வெளுத்திருக்கும். அடுத்த ஷாட்டில் ஓரமாக அடிக்கப்போனால் டிப் வழுக்கும், மிஸ்க்யூ நிச்சயம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நல்ல டிப் மங்கலாக இருக்கும், கெட்டுப்போன டிப் மின்னும்.

மின்ன ஆரம்பித்தால் நிறையப் பேர் ஸ்கஃபரை, அதாவது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான கருவியை, எடுத்துப் பரபரவென்று தேய்க்கிறார்கள். தேய்த்ததும் சாக் அருமையாகப் பிடிக்கும், உண்மை. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் தோல் கரைகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய டிப்பைப் பந்து தின்பதைவிட உப்புத்தாள் தின்பது அதிகம். அதற்குப் பதிலாக டிப் பிக் வாங்குங்கள். சிறுசிறு கூர்முனைகள் வைத்த கருவி. அதை டிப் மேல் அழுத்தி எடுத்தால் துளைகள் விழும், தோல் கழியாது. ரொம்ப ஆழமாகக் குத்தாமல் மேலாக அழுத்தினால் போதும்.

ஸ்பின் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், நண்பரின் கேள்விக்குப் பின்னால் இருந்தது அதுதான். சாஃப்ட் டிப் பந்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொள்ளும், அதனால் ஸ்பின் கூடும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. சாஃப்ட்டில் அது சற்றுக் கூடும், அவ்வளவே. ஸ்பின்னைத் தீர்மானிப்பது பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடித்தோம், எவ்வளவு வேகமாக அடித்தோம் என்ற இரண்டும்தான். வீட்டுக்குள் ஒரு சோதனை: பட்டைப் பந்து ஒன்றை எடுத்து, பட்டை கிடைமட்டமாக வரும்படி வைத்து, அதையே வெள்ளைப் பந்தாக நினைத்து டிரா ஷாட் (பந்தைப் பின்னால் இழுக்கும் அடி) அடியுங்கள். அடித்த இடத்தில் 3 மி.மீ. அளவில் சாக் பொட்டு விழுந்திருக்கும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; மையத்திலிருந்து ஏறக்குறைய 14 மி.மீ. தாண்டினால் டிப் வழுக்கிவிடும். பெரும்பாலான பந்துகளில் பட்டையின் விளிம்பு அந்த எல்லையை ஒட்டியே வரும். பட்டையின் கீழ் விளிம்பில் அடித்தேன் என்று சத்தியம் செய்கிறவர்களின் பொட்டு, மையத்துக்குக் கொஞ்சம் கீழேதான் விழுந்திருக்கும். அந்தப் பொட்டை இன்னும் கொஞ்சம் இறக்க முடிந்தால் எந்த டிப்பிலும் ஸ்பின் வந்துவிடும். சாக் நன்றாகப் பிடிக்கிற டிப்பில் விளிம்புக்குப் பக்கத்தில் பயமில்லாமல் போகலாம். சாஃப்ட்டுக்குச் சொல்லும் பெருமையில் பாதி இந்தத் தைரியம்தான்.

மற்ற ரகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆட்டத்தின் முதல் அடியான பிரேக்குக்குத் தனி கியூ இருந்தால் அதற்கு ஃபீனாலிக் (கெட்டியான பிசின்) டிப் போடலாம், அடியின் பெரும்பங்கு பந்துக்குப் போகும். சாக் பிடிப்பதில் மோசம், அதை வைத்து ஆடவே கூடாது. ஹார்டு டிப் வருடக்கணக்கில் வடிவம் மாறாது, ஆனால் சீக்கிரம் மின்ன ஆரம்பிக்கும். ஒற்றைத் தோல் டிப்புகளில் எல்க் மாஸ்டர் சாஃப்ட்டுக்கும், லே ப்ரோவும் ட்ரையாங்கிளும் அதைவிடக் கெட்டிக்கும் பெயர் போனவை. மலிவு, நம்பலாம், ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசப்படும். பெட்டியில் நாலைந்தைத் தட்டிப் பார்த்து நல்லதைப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுக்கு டிப்பில் அந்தப் பொறுக்கல் தேவைப்படாது, ஆனால் அடுக்கை ஒட்டிய பசை விட்டுவிட்டால் என் பழைய டிப்புக்கு வந்த கதிதான். இன்னொரு எச்சரிக்கை: சாஃப்ட், மீடியம் என்பதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் சாஃப்ட் இன்னொருவரின் மீடியமாக இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிடாதீர்கள்.

வடிவத்தை மட்டும் ஒருமுறை சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்பின் குவிவை நிக்கல் வளைவு, டைம் வளைவு என்று அமெரிக்க நாணயங்களை வைத்துச் சொல்வார்கள். நிக்கலின் விட்டம் 21 மி.மீ. சொச்சம், டைம் 18 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. டைம் என்றால் டிப் கூடுதலாகக் குவிந்திருக்கும். 13 மி.மீ. டிப்புக்கு நிக்கலே போதும் என்பது என் அனுபவம்; டைம் வளைவில் சாஃப்ட் தோல் நடுவில் சீக்கிரம் தட்டையாகிறது, மறுபடி செதுக்க வேண்டி வருகிறது, அதில் வேறு தோல் போகிறது.

இனி தீர்ப்பு. என் இன்னொரு ஷாஃப்டில் மீடியம் அடுக்கு டிப் ஒன்று இருக்கிறது. பிதுங்கல் அநேகமாக இல்லை. ஒட்டிய மறுவாரம் லேக் அடித்த தூரமும் இன்று அடிக்கிற தூரமும் ஒன்றுதான். சாக் பிடிப்பதிலும் குறை சொல்ல முடியாது. மெதுவான ஷாட்டில் கொஞ்சம் ஊமையாக இருக்கும், அது ஒன்றுதான் குறை. நண்பருக்கு அதையேதான் சொன்னேன்: மீடியம் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். புது கியூவில் கை படிகிற காலத்தில் டிப்பும் மாறிக்கொண்டிருந்தால், தப்பு கையிலா டிப்பிலா என்றே தெரியாமல் போய்விடும்.

நான் மட்டும் பழையபடி அதே சாஃப்ட்டை, அதே தயாரிப்பை, ஒட்டச் சொன்னேன். ஒட்டிக் கொடுத்தவர், "இதைத்தானே போன தடவை திட்டினீங்க?" என்று கேட்டார். திட்டியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. புது டிப்பில் முதல் டிரா ஷாட் அடித்தேன்; வெள்ளைப் பந்து நான் கேட்ட இடத்தில் வந்து நின்றது. ஓரம் எப்படியும் இந்த வாரத்துக்குள் பிதுங்கும். உப்புத்தாளையும் தோல் துண்டையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.