மண்டபத்தில் மூன்று நாள்

அம்மாவின் மூட்டுவலிக்காக, ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரின் வடகரையில் ஒரு கணவன் மனைவி நடத்தும் நலவாழ்வு இல்லத்தில் தங்கினோம். பனையோலை வேய்ந்த நான்கே குடில்கள். விடியற்காலையில் இல்லத்தை நடத்தும் அண்ணன் கடற்கரையில் மூச்சுப்பயிற்சி சொல்லித் தருகிறார். பாக் நீரிணைப் பக்கத்தை இங்கே பெண் கடல் என்பார்கள், அலை அடங்கியே இருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல்.

அவர் மனைவி, அந்த அக்கா, நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அம்மாவின் முட்டியில் தடவினார். அந்தக் கவனத்துக்காகவே மறுபடி போகலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. சாப்பாடு கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருப்பட்டிக் காபி.

கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, வயதானவர்களுக்குச் சிரமம். சொன்னதும் அண்ணன் டேப்போடு வந்து அளவெடுத்தார். அப்புறம், வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் மூன்று இரவும் அம்மா நன்றாகத் தூங்கினார்.