ஸ்லைட்-அவுட்டுக்கு மேலே துணி போடலாமா, வேண்டாமா? டாப்பர் வாங்குமுன் ஓர் அலசல்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வாங்கியவர்கள் ஸ்லைட் டாப்பரை, அதாவது சுவரிலிருந்து வெளியே நகரும் ஸ்லைட்-அவுட் பெட்டியின் கூரைக்கு மேலே விரியும் துணியைப் பற்றி விசாரிக்கும்போது எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். கம்பெனியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஓக் மரத்தடியிலா, பைன் காட்டிலா, அரிசோனாவின் பொட்டல் வெளியிலா, பனி கொட்டும் மிச்சிகனிலா? பாதி முடிவு அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

1990-இல் நியூமார் கம்பெனி மோட்டார்ஹோமில் (தானே ஓடும் வீட்டு வண்டி) ஸ்லைட்-அவுட்டைக் கொண்டுவந்தது. இன்று நடுத்தர டிரெய்லர்களில்கூட சோபாவும் சாப்பாட்டு மேசையும் வெளியே நகரும் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டிக்கும் தனியாக ஒரு தட்டைக் கூரை உண்டு. வெளியே நீட்டி வைத்திருக்கும் நாட்களில் இலை, கிளை, பறவை எச்சம், மழைத் தண்ணீர் எல்லாம் அதன்மேல் சேரும். உள்ளே இழுக்கும்போது சுவரில் இருக்கும் ரப்பர் சீல் கூரையை வழித்துக்கொண்டே வரும். பெரிய இலையை அது தள்ளிவிடும். வம்பு செய்வது சின்னது. ஒரு பைன் ஊசியிலை சீலுக்கும் கூரைக்கும் நடுவில் படுத்துக்கொண்டால், அந்த இடத்தில் ரப்பர் இம்மியளவு தூக்கி நிற்கும். நெடுஞ்சாலையில் மழை அடிக்கும்போது தண்ணீர் அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். ராத்திரி முகாமில் இறங்கிப் பார்த்தால் ஸ்லைட்டின் உள்கூரை ஓரம் ஈரமாக இருக்கும். ஒழுகுவது எங்கே என்று கூரை முழுக்கத் தேடினாலும் ஓட்டை கிடைக்காது, ஏனென்றால் ஓட்டையே இல்லை.

டாப்பர் இருப்பது இதற்காகத்தான். மழையைத் தடுப்பது சீலின் வேலை. சீல் மேல் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வது டாப்பரின் வேலை. சீல் வெடித்துப்போன வண்டிக்கு டாப்பர் போட்டு ஒழுகலை நிறுத்தப் பார்க்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பணத்தில் முதலில் சீலை மாற்றுங்கள்.

ஒன்றும் போடாமல் இருப்பது

இதையும் ஒரு முழுத் தேர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். செலவு இல்லை, சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை, காற்றில் படபடக்க எதுவும் இல்லை. கிளம்பும் காலையில் ஏணியில் ஏறி, நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் ஒரு பெருக்கு. அவ்வளவுதான். இதில் சொல்லப்படாத ஓர் ஆதாயமும் உண்டு: ஒவ்வொரு முறையும் ஸ்லைட் கூரையையும் சீலையும் கண்ணால் பார்த்துவிடுகிறீர்கள். கூரைச் சவ்வில் கீறல், மூலையில் பிளந்த சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) எதுவானாலும் அன்றைக்கே தெரியும். டாப்பர் போட்ட வண்டியில் துணிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். பக்கவாட்டுத் திறப்பு வழியே காற்று இலைகளை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊர் மாதிரி பாலைவனத்தில் குளிர்காலம் கழிப்பவர்கள், மரமில்லாத திறந்த வெளிகளில் தங்குபவர்கள், ஒரே ஒரு குட்டி ஸ்லைட் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு டாப்பர் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அங்கே எதிரி காற்றும் வெயிலும். இரண்டும் துணியைத்தான் முதலில் தின்னும்.

ஆனால் காலை 11 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், விடாமல் தூறிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேலே ஓக் மரம் என்றால் கதை வேறு. நனைந்த ஏணியில் நின்று ஈர இலையைச் சுரண்டுவது அறுபது வயதுக்காரர் செய்யக்கூடிய வேலை இல்லை. ஸ்மோக்கி மலைப் பக்கமோ, ஓரிகன், வாஷிங்டன் காடுகளிலோ அடிக்கடி தங்குகிறவர்கள் டாப்பர் போட்டுவிடுவது நல்லது.

டாப்பர் வேலை செய்யும் விதம்

டிரெய்லரின் சுவரில், ஸ்லைட்டுக்கு மேலே, ஓர் அலுமினிய ரெயில். அதில் துணியின் ஒரு விளிம்பு செருகப்பட்டிருக்கும். மறு விளிம்பு ஸ்லைட்டின் வெளி முனையில் பிராக்கெட் வைத்து மாட்டிய ரோலரில். ரோலருக்குள் முறுக்கிய ஸ்பிரிங். ஸ்லைட் வெளியே போகப்போகத் துணி விரியும், உள்ளே வரவர ஸ்பிரிங் சுருட்டிக்கொள்ளும். மோட்டாரும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. எந்தக் கம்பெனி டாப்பரை எடுத்தாலும் உள்ளே இருப்பது இதுதான், ஆகவே ஒப்பிட வேண்டியவை மூன்றே விஷயங்கள்: துணி, மூடி, பயணப் பூட்டு.

துணியில் போட்டி வினைலுக்கும் அக்ரிலிக்குக்கும். சன்பிரெல்லா வகை அக்ரிலிக் துணி பார்க்க அழகு. நூலாவதற்கு முன்பே நிறம் ஏற்றப்படுவதால் லேசில் வெளுக்காது. காற்றோட்டம் இருப்பதால் சீக்கிரம் காயும். வாசல் பக்கம் சாய்வாக விரியும் பெரிய ஆனிங்குக்கு (துணிப் பந்தல்) நான் அதையே சொல்வேன். டாப்பர் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடப்பது, அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் நெய்த துணி வழியே மெல்லக் கசியும். வினைல் என்பது பாலியெஸ்டர் வலையின்மேல் பூசிய பிளாஸ்டிக், நீர் இறங்காது. அதன் குறை வேறு: ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வயதானால் விறைத்துப் போய் மடிப்பில் வெடிக்கும். இருந்தும் டாப்பருக்கு வினைல்தான் சரி. தையல் உள்ள டாப்பரானால் நூல் என்ன என்று கேளுங்கள். துணி நன்றாக இருக்கும்போதே வெயிலில் பாலியெஸ்டர் நூல் இற்றுப்போய்த் தையல் விடுவது சாதாரணமாக நடப்பது. டெனாரா போன்ற பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூல் வெயிலுக்கு அசையாது. விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம்.

ஸ்லைட் உள்ளே இருக்கும் நாட்களில் ரோலரில் சுருண்ட துணியின் வெளிச்சுற்று மட்டும் வெயிலில் கிடக்கும். வண்டி வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வீட்டு வாசலில் நிற்கிறது என்றால், முதலில் போவது அந்தப் பட்டைதான். சில மாடல்களில் அந்த இடத்துக்கு உலோக மூடி உண்டு. சிலவற்றில் கனமான வெளிப்பட்டை. வெறும் துணியாகவே விட்ட மாடல்கள் மலிவு. டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா வெயிலில் நிற்கும் வண்டிக்கு மூடி இல்லாத டாப்பரை வாங்காதீர்கள்.

மூன்றாவது, பயணப் பூட்டு. பக்கத்தில் லாரி கடந்து போகும்போது உண்டாகும் காற்று துணிக்கு அடியில் புகுந்து ரோலரைச் சுழற்றிவிடும். துணி பலூன் மாதிரி உப்பி, திரும்பச் சுருண்டு, மறுபடி உப்பும். சில மணி நேரம் இப்படிப் போனால் ஓரம் கிழிந்துவிடும். ஸ்லைட் முழுதாக உள்ளே வந்ததும் ரோலரைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் பூட்டு இதைத் தடுக்கிறது. ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடலில் இது இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பூட்டு இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கேர்ஃப்ரீ, டொமெட்டிக், லிப்பர்ட்

இந்த மூன்றும்தான் அமெரிக்கச் சந்தையில் பெரும்பாலும் கண்ணில் படுபவை. லிப்பர்ட்டின் சொலேரா வரிசைக்கு ஒரு நடைமுறை வசதி உண்டு. உங்கள் டிரெய்லரின் சட்டமும் ஸ்லைட் இயந்திரமும் லிப்பர்ட்டுடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் டீலருக்கு உதிரி பாகங்கள் பழக்கமானவை. டொமெட்டிக் பழைய ஏ அண்ட் இ ஆனிங்குகளின் வாரிசு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் ஏற்கெனவே அந்த ரோலர் இருந்தால், துணியை மட்டும் மாற்றிக்கொண்டு அதையே வைத்துக்கொள்வது லாபம். கேர்ஃப்ரீ ஆஃப் கொலராடோ ஆனிங்குகளுக்கென்றே பெயர் எடுத்த கம்பெனி. புதிதாக ஒருவர் போடுகிறார் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். ஆனால் மேலே சொன்ன மூடியும் பூட்டும் இருக்கிற மாடலானால் மூன்றில் எது கிடைத்தாலும் எடுக்கலாம். கம்பெனிப் பெயருக்காக மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

அளவு எடுப்பதும் மாட்டுவதும்

ஸ்லைட் பெட்டியின் வெளி முகத்தைச் சுற்றி ஒரு விளிம்புப் பட்டை துருத்திக்கொண்டிருக்கும். ஒரு விளிம்பின் வெளி ஓரத்திலிருந்து மறு விளிம்பின் வெளி ஓரம் வரை அளந்து, அந்த அளவைச் சொல்லித்தான் ஆர்டர் செய்ய வேண்டும். உள்ளே சோபாவின் அகலத்தையோ ஜன்னல்களையோ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். துணி பெட்டியின் கூரையை இருபுறமும் முழுதாக மூடியாக வேண்டும், ஓரத்தில் நாலு விரல் திறந்து கிடந்தாலும் குப்பை அதில்தான் இறங்கும். ஸ்லைட் எவ்வளவு தூரம் வெளியே போகிறது, ஸ்லைட் திறப்புக்கு மேலே ரெயிலுக்கு இடம் இருக்கிறதா, அங்கே மழைநீர்க் கால்வாயோ விளக்கோ குறுக்கே வருகிறதா, அதே பக்கம் பெரிய ஆனிங் இருந்தால் அதன் கைகள் ரோலரில் இடிக்குமா, இத்தனையும் டேப் வைத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது. ஃபைபர்கிளாஸ் தோலும் மெல்லிய ஒட்டுப்பலகையும் மட்டும் இருக்கிற இடத்தில் ஸ்குரூ நிற்காது. காற்றில் துணி இழுக்க இழுக்க ஓட்டை பெரிதாகி, ஒருநாள் ரெயிலே கையோடு வந்துவிடும். ஸ்லைட் திறப்புக்கு மேலே சட்டம் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று டிரெய்லர் தயாரிப்பாளரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். சில வண்டிகளில் டாப்பருக்கென்றே உள்ளே பலகை வைத்துத்தான் அனுப்புகிறார்கள். வாரண்டி பாக்கி இருந்தால், சுவரில் டிரில் வைப்பதற்கு முன், அதனால் வாரண்டி போகாது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரெயிலுக்குப் பின்னால் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் ஒட்டும் ரப்பர் பட்டை), துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ, மேல் விளிம்பு நெடுக சீலன்ட். சாதாரண சிலிகான் வேண்டவே வேண்டாம். பின்னாளில் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். துணி நுழையும் ரெயில் முனையை அரத்தால் தேய்த்துக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டால் துணி கிழியாமல் போகும். ஒருவர் ஏணியில் நின்று துணியை ரெயிலுக்குள் ஊட்ட, இன்னொருவர் மறுபக்கம் இருந்து இழுக்க வேண்டும். மூன்றாவதாக ஒருவர் ரோலரைத் தாங்கிப் பிடித்தால் இன்னும் நல்லது.

பிறகுதான் ஸ்பிரிங். எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்பது ரோலரின் நீளத்தைப் பொறுத்தது, பெட்டியோடு வரும் கையேட்டில் அட்டவணை இருக்கும். சுற்றுகளை வாய்விட்டு எண்ணுங்கள். முறுக்கிய ஸ்பிரிங்கைப் பின் போட்டுப் பூட்டாமல் கையை எடுத்தால் விரல் எலும்பை உடைத்துவிடும். கூடுதலாக முறுக்கினால் துணி விறைப்பாக நிற்கும் என்று நினைத்து அதிகம் சுற்றுகிறவர்கள் உண்டு. அந்த இழுவை நேராக ஸ்லைட் மோட்டாரின் தலையில் விழும். சுவரோர கியரில் ஓடும் ஷ்விண்டெக் வகை ஸ்லைட்டுகளில் இதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும்.

தண்ணீர், காற்று, பனி

12 அடி நீளம், 3 அடி நீட்சி உள்ள டாப்பரில் சராசரியாக ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் எடை சுமார் 187 பவுண்டு, அதாவது 85 கிலோ. அதை அப்படியே உள்ளே இழுக்கக் கூடாது. பாதி தூரம் இழுத்து நிறுத்தி, தண்ணீர் ஓரமாக வழிந்தபின் மீதியை இழுங்கள். எங்கள் வண்டியில் மனைவி உள்ளே சுவிட்ச் பக்கம் நிற்பார், நான் வெளியே. "நிறுத்து... இப்போ விழும்... தள்ளி நின்னுக்கிறேன், இரு!" என்று நான் கத்துவது பக்கத்து முகாம் வரை கேட்கும். ஒரு ஓரமாகத் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டும்.

தேங்காமல் இருக்கத் துணிக்கடியில் காற்றடைத்த பந்தோ, பி.வி.சி. குழாயில் செய்த வளைவோ வைக்கிறார்கள். நடுவில் மேடாகி நீர் இரண்டு பக்கமும் ஓடிவிடுகிறது, காற்றில் துணி அடித்துக்கொள்வதும் குறைகிறது. பல வாரம் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு நல்ல வழி. வாரக்கடைசிப் பயணக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் எடுக்க மறந்து ஸ்லைட்டை இழுத்தால் துணியும் சீலும் சேர்ந்து போகும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சுவிட்ச் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தால் ஸ்லைட்டை உள்ளே இழுத்துவிடுவதுதான் ஒரே வழி. இரவெல்லாம் துணி படபடவென்று அடிக்க, தூக்கமில்லாமல் கிடப்பதைவிடக் குறுகிய அறையில் தூங்கிவிடலாம். பனியும் அப்படித்தான்: சுமை ஏறும் முன் மென்மையான துடைப்பத்தால் தள்ளுங்கள். துணியில் உறைந்த ஐஸோடு சுருட்டினால் ரோலர் கோணலாகச் சுற்றும், வினைல் விரிசல் விடும். பனிக்காலத்திலும் வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்கும், ஒரே இடத்தை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும், வண்டிக்கு மேலே தனியாகத் தூண் நட்டுக் கூரை போடுவது டாப்பரைவிடப் பல மடங்கு மேல். செலவு அதிகம், இடத்துக்காரரின் அனுமதியும் வேண்டும். ஆனால் மாசக்கணக்கில் விரித்தபடியே கிடக்கும் டாப்பர் துணி நீண்ட நாள் உழைக்காது.

துணி போய்விட்டால் முழு டாப்பரையும் மாற்ற வேண்டியதில்லை. ரோலரும் ரெயிலும் நன்றாக இருந்தால் துணியை மட்டும் அளவு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், செலவு வெகுவாகக் குறையும். புதுத் துணிக்கு, பெட்டியை அளந்த பழைய கணக்கைக் கொடுக்காமல், ரோலரில் இருக்கும் பழைய துணியை ஓரத்துக்கு ஓரம் அளந்து கொடுங்கள். கழற்றுவதற்கு முன் ரோலரை இறுக்கிப் பிடிக்கும் பிளையரையோ பின்னையோ மாட்டிவிடுங்கள். பழைய துணி கிழிந்து தொங்கினாலும் உள்ளே ஸ்பிரிங் முறுக்கோடுதான் இருக்கும்.