ரேடியேட்டர் விசிறி மோட்டாரை மாற்றிய பிறகு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

காரின் ரேடியேட்டர் விசிறி மோட்டாரை மாற்றிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிய மோட்டார் இன்றுவரை தொல்லை கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் பாதி, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கனெக்டரைச் சேரும் என்பேன்.

பழைய மோட்டார் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. நெடுஞ்சாலையில் வெப்பநிலை முள் நடுவில் அசையாமல் நிற்கும். நெரிசலில் சிக்கினால் மெல்ல ஏறும். கார் வேகமெடுத்து எதிர்க்காற்று பட்டதும் இறங்கிவிடும். கூடவே, வண்டி நிற்கும்போது மட்டும் ஏசியின் குளிர்ச்சி குறைந்தது. ஏசியின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சரும் அதே விசிறியின் காற்றை நம்பித்தான் இருக்கிறது. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர் பம்பையும் சந்தேகிக்கும் முன் விசிறியைப் பாருங்கள்.

ஃபியூஸ், ரிலே, வெப்ப உணரி மூன்றும் சரியாக இருப்பதை உறுதிசெய்த பிறகே மெக்கானிக் மோட்டாரில் கைவைத்தார். கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் கோத்த தடித்த ஒயர் மூலம் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தார். சில முறை ஓடியது, சில முறை அசையவே இல்லை. மரக்குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டதும் சுழன்றது. கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, தேய்ந்த மோட்டாரின் குணம் இது. இந்தச் சோதனை இரண்டு ஒயர் கொண்ட எளிய மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும். மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வரும் மோட்டார்களில் செய்யக் கூடாது.

மாற்றும் வேலை பெரிதல்ல. என்ஜின் ஆறியபின், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சாவியை எடுத்த பிறகும் தானாக ஓடத் தொடங்கும் விசிறிகள் உண்டு, விரல் போய்விடும். எங்கள் காரில் கூலன்ட்டை வடிக்காமலே விசிறியை உறையோடு மேலே எடுக்க முடிந்தது. இறக்கையைப் பிடித்திருக்கும் நட்டு சில கார்களில் இடது மரையாக இருக்கும், அதாவது கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் பலம் கொடுத்தால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். இறக்கையில் விரிசல் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். சமநிலை கெட்ட இறக்கை புதிய மோட்டாரின் பேரிங்கை விரைவில் தின்றுவிடும்.

இனி கனெக்டர். பழையதில் ஒரு முனை பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப்போயிருந்தது. இறுகிப்போன மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், முனை சூடாகும், சூட்டில் பிடிப்பு தளரும், தளர்ந்த இடத்தில் தடை இன்னும் கூடும். 15 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டு, 22 வாட்டுக்கும் மேல் வெப்பம் அந்தச் சின்ன முனையில் பிறக்கும். அதில் புதிய மோட்டாரைச் செருகினால் அது மெதுவாகச் சுழலும், சில மாதங்களில் கனெக்டர் மீண்டும் கருகும். மெக்கானிக் முனையைச் சுரண்டிப் பொருத்தலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. அதே தடிமன் ஒயருடன் புதிய கனெக்டர் போடச் சொன்னேன். மொத்தச் செலவில் அது சிறு பகுதிதான்.

அதன் பிறகு எந்தக் கோடையிலும் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. சிக்னலில் நின்றாலும் ஏசி குளிர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, விசிறி ஓடும்போது பேட்டரியிலும் மோட்டார் முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு அளவுகளுக்கும் இடைவெளி அரை வோல்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டர் தகடுகளில் சேரும் பூச்சியையும் தூசியையும் அழுத்தம் குறைந்த தண்ணீரால் என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுகிறேன். அடைத்த தகட்டின் முன் எந்த மோட்டாரும் ஓடி ஓடித் தேயும்.

குறை என்றால் ஒன்று: பழையது நல்ல நிலையில் இருந்த காலத்தைவிட இது தொடங்கும்போது சத்தம் சற்று கூடுதல். வாங்கிய நாளிலும் இப்படித்தான் இருந்தது, இதுவரை கூடவில்லை. கூடினால் பேரிங்கைப் பார்க்கச் சொல்வேன்.